வடகடலோரத்தில் ஒரு நோயாளி: தடையாக நிற்பது தூரமா, மொழியா?

நோர்வேயின் வடகிழக்கு மூலையில், பாரென்ட்ஸ் கடலை நோக்கி நிற்கும் போட்ஸ்பியோர்ட், வர்டோ முதலிய மீன்பிடி ஊர்களின் பெயர்கள் எமது வாசகர் பலருக்குப் புதியன அல்ல. 1956 இல் அந்தோனி இராஜேந்திரம் அவர்கள் நோர்வேக்கு வந்ததோடு தொடங்கிய எமது மக்களின் வருகை, 1980களில் மாணவராகவும் அகதிகளாகவும் வந்தோரால் பெருகியது. அவ்வாறு வந்தோரிற் கணிசமானோர் பின்மார்க் கரையோரத்து மீன் பதனிடும் ஆலைகளிலேதான் முதற் சம்பளத்தைக் கண்டனர். பின்னர் பெரும்பாலானோர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்துவிட்டனர். எனினும், வடக்கிலேயே வேரூன்றிவிட்ட குடும்பங்களும் உள. முப்பது ஆண்டுகளுக்கு முன் இளைஞராய் இருந்தோர் இன்று முதுமையை நெருங்குகின்றனர். அவர்களின் நோயும் வைத்தியமும் பற்றி எழுதவேண்டிய காலம் வந்துள்ளது.

உழைப்பு தந்த நோய்கள்

மீன் ஆலையின் குளிரில், ஒரே அசைவை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்வோருக்குத் தோளும் மணிக்கட்டும் நாரியும் தேய்வது இயல்பு. நண்டு பதனிடும் ஆலைகளிலே, மூச்சுக்காற்றோடு உட்செல்லும் நுண்துகள்கள் சிலருக்குத் தொய்வு நோயை உண்டாக்குவதும் மருத்துவ உலகு அறிந்ததே.

இவற்றோடு இருளும் சேர்கின்றது. நவம்பர் இறுதியிலிருந்து சனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. நோர்வேயில் வாழும் இலங்கையரின் குருதியில் விற்றமின் டீயின் அளவு, இலங்கையில் வாழ்வோரினதிலும் குறைவாக உள்ளதென 2008 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இக்குறையை நிரப்பவே நோர்வேஜியர் குளிர்காலத்தில் நாள்தோறும் ஒரு கரண்டி மீனெண்ணெய் அருந்துகின்றனர். அது கொட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படுவது. அந்த மீனையே நாளெல்லாம் வெட்டிய எம்மவரின் வீடுகளில் அந்தப் போத்தல் இருக்கின்றதா என்பதே எமது கேள்வி.

தூரத்துக்கு அரசு கண்ட விடை

போட்ஸ்பியோர்டில் வாழ்வோர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே. அவர்களுக்குரிய வைத்தியசாலை இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால் சிர்க்கெனெஸ் நகரில் உள்ளது. அங்கும் முடியாத சிகிச்சைக்கு ட்ரொம்சோ பல்கலைக்கழக வைத்தியசாலைக்கு விமானத்தில் செல்லவேண்டும். குளிர்காலப் புயலின்போது மலைவீதியில் தனி வாகனங்கள் விடப்படுவதில்லை. பனியகற்றும் வண்டி முன்செல்ல, அதன் பின்னால் வரிசையாகவே போகலாம். புயல் மிகுந்தால் அதுவும் நின்றுவிடும்.

இத்தூரத்தை நோர்வே அரசு அலட்சியம் செய்யவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ட்ரொம்சோவிற் பல்கலைக்கழகம் அமைக்க 1968 இல் எடுத்த முடிவுக்கு, வடக்குக்கு வைத்தியர்களை உருவாக்குவதே ஒரு முக்கிய காரணமாயிற்று. அம்புலன்ஸ் விமானங்கள் அங்கே அன்றாடக் காட்சி. சிகிச்சைக்கான பயணச்செலவிற் பெரும்பகுதியை அரசே ஏற்கின்றது. நோயாளி செலுத்தும் பங்குப்பணம் ஆண்டுக்குரிய உச்சத்தைத் தாண்டியதும், அவ்வாண்டின் எஞ்சிய நாட்களுக்கு இலவச அட்டை கிடைக்கின்றது. பேறுகாலத் தாய்க்கு வைத்தியசாலை ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருப்பின், வழித்துணையாக மருத்துவிச்சியை அனுப்பும் ஏற்பாடும் உண்டு.

ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. 2001 இல் வந்த திட்டத்தின்படி ஒவ்வொருவருக்கும் 'பாஸ்ட்லேகெ' என்னும் நிரந்தர வைத்தியர் இருக்கவேண்டும். வடகரையில் அந்த நிரந்தரம் பெரும்பாலும் பெயரளவிலேயே உள்ளது. சில வாரங்களுக்கு மட்டும் வந்துபோகும் பதில் வைத்தியர்களே பல ஊர்களில் கடமையாற்றுகின்றனர். நோயாளி தன் கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே சொல்லவேண்டியுள்ளது. சொல்வதற்கு மொழி வேண்டும். இங்கேதான் எம்மவரின் இடர் தொடங்குகின்றது.

நெஞ்சு என்னும் சொல்

பல ஆண்டுகள் ஆலையில் உழைத்தோர் நோர்வேஜிய மொழி அறியாதவர் அல்லர். அது வேலைத்தலத்து மொழி. கத்தி, பெட்டி, இடைவேளை, சம்பளம் என்பவற்றை அது சொல்லும். நாரிப்பிடிப்பை, கை உளைவை, தலைக்கிறுதியைச் சொல்ல அது போதாது. 'உளைவு' வேறு, 'குத்து' வேறு, 'எரிவு' வேறு என்பது எமக்குத் தெரியும். பிறமொழியிற் கூறும்போது மூன்றும் 'நோ' என்ற ஒரே சொல்லாய்ச் சுருங்கிவிடுகின்றன.

'நெஞ்சு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது உடலின் ஓர் உறுப்பு, மனமும் அதுவே. "நெஞ்சு பாரமாய்க் கிடக்குது" என்று ஒரு தாய் கூறினால், அது போரிற் பறிகொடுத்த மகனைப் பற்றியதாகவும் இருக்கலாம். அடைபட்ட இருதயக் குழாயைப் பற்றியதாகவும் இருக்கலாம். முன்னதை இருதய நோயெனக் கொண்டால் வீண்பயணம் ஒன்று நேரும். பின்னதைத் துயரமெனக் கொண்டால் உயிரே போகும்.

பிள்ளையை நடுவில் நிறுத்தலாமா?

இவ்விடரைத் தீர்க்க எம்மவர் கண்ட வழி, பாடசாலை செல்லும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்வதாகும். வடகரையில் வாழ்ந்த தாயொருவர் எம்மிடம் கூறியதை இங்கே குறிப்பிடுகின்றோம். அவருக்கு இருந்தது கருப்பை சார்ந்த நோய். உடன் வந்தவனோ பன்னிரண்டு வயது மகன். மகனின் முன் அதைச் சொல்ல நாவெழாமல் "வயித்துநோ எண்டு சொல்லு தம்பி" என்றார். மகனும் அப்படியே சொன்னான். வயிற்றுப்புண்ணுக்கான குளிசைகளோடு வீடு திரும்பினர். உண்மையான நோய் அறியப்பட ஓராண்டு சென்றது. அந்த வைத்தியரை நாம் குறைகூற இயலாது. அவர் காதில் விழுந்தது அவ்வளவே. சிறுவனும் பிழை செய்தவனல்லன். இன்னும் கொடியது, தாயின் நோய் தீராதது எனும் செய்தியை முதலிற் கேட்பவனாகவும் அதைத் தாய்க்கு எடுத்துரைப்பவனாகவும் ஒரு பிள்ளை ஆக்கப்படுவது.

சட்டம் இதற்கு இடந்தரவில்லை. நோயாளிக்குத் தரப்படும் தகவல் அவரது மொழி, பண்பாட்டுப் பின்னணிக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டுமென 1999 இன் நோயாளர் உரிமைச் சட்டம் கூறுகின்றது. 2022 சனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டமோ, தகுந்த உதவி வழங்குவதற்குத் தேவையானபோது தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதைப் பொது நிறுவனங்களின் கடமையாக்கியுள்ளது. பிள்ளைகளை இப்பணிக்குப் பயன்படுத்துவதையும் தடைசெய்துள்ளது.

"ஊர் சிறிது, மொழிபெயர்ப்பாளரும் தெரிந்தவர், கதை வெளியே போய்விடும்" என்று அஞ்சுவோர் உண்டு. மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கச் சட்டத்தாற் கட்டுண்டவர். அத்துடன், தொலைபேசி வழியாகத் தொலைநகரிலிருக்கும் ஒருவரை அமர்த்தும்படியும் கேட்கலாம்.

நாம் செய்யவேண்டியவை

வைத்தியரிடம் நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையெனக் கூறுங்கள். சந்திப்புக்கு வழமையிலும் கூடிய நேரம் ஒதுக்கும்படியும் கேளுங்கள். வைத்தியர்கள் மாறிக்கொண்டிருப்பதால், உங்கள் நோய்கள், உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமைகள், முன்னர் செய்த சத்திரசிகிச்சைகள், பெற்றோருக்கிருந்த நீரிழிவு, இருதய நோய் என்பவற்றை ஒரு தாளில் எழுதி எப்போதும் கைவசம் வைத்திருங்கள். உங்கள் மருத்துவப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உயிராபத்தெனில் 113, அலுவலக நேரத்துக்குப் பிந்திய அவசரத்துக்கு 116117. இவ்விலக்கங்களை வீட்டிலுள்ள முதியோரின் கண்படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

நோர்வேயின் வடகரையை முன்வைத்து இதனை எழுதினோமாயினும், யேர்மனியின் சிற்றூரிலும் பிரான்சின் புறநகரிலும் வாழும் எமது முதியோரின் நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. தூரத்தைக் கடக்க அரசிடம் விமானம் இருக்கின்றது. மொழியைக் கடக்க நோர்வேயிற் சட்டமும் இருக்கின்றது. ஆனால் எங்கே நோகின்றது என்பதை நோயாளிதான் சொல்லவேண்டும். அதைத் தன் தாய்மொழியிலே, கூச்சமின்றிச் சொல்லும் உரிமையை எமது மக்கள் கேட்டுப் பெறவேண்டும்.