பயத்துக்கும் வயது உண்டு

திகில் நிறைந்த அறிவியல் புனைவுத் தொடர்களைக் குழந்தைகள் எப்போது பார்க்கலாம்?

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் தசராவுக்குக் கொடியேறிவிட்டால் திருநெல்வேலித் தெருக்களில் காளி நடமாடத் தொடங்கிவிடுவாள். நேர்த்திக்கடனுக்காக மாலை போட்டுக் காப்புக் கட்டியவர்கள் காளி, அனுமன், கரடி, குறத்தி என்று வேஷம் கட்டி, மேளத்தோடு வீடு வீடாக வந்து காணிக்கை வாங்குவார்கள். சிவந்த முகம், தொங்கும் நாக்கு, கோரைப்பல், சடைமுடி. காளி வந்து நிற்கும் வாசலில் பிள்ளைகளைக் கவனியுங்கள். மூன்று வயதுக் குழந்தை வீறிட்டு அழுது அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும். ஏழு வயதுப் பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்க்கும். பன்னிரண்டு வயதுப் பையனோ காளியின் பின்னாலேயே அடுத்த தெருவரை போவான். ‘அது நம்ம முக்குக்கடை மாமாதாம்ல’ என்று தம்பிக்கு விளக்கமும் சொல்வான்.

காளி ஒன்றுதான். மூன்று வயதுகளில் மூன்று விதமாகத் தெரிகிறாள். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ போன்ற தொடரைப் பார்க்கவேண்டும் என்று வீட்டில் பிள்ளை அடம்பிடிக்கும்போது பெற்றோர் மனதில் இருக்கவேண்டியது இந்தக் காட்சிதான். ‘எம்பிள்ளை தைரியசாலி, பார்க்கட்டும்’ என்பதும், ‘சின்னப்பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்’ என்பதும் அவசர முடிவுகள். எந்த வயதில் எது பயமுறுத்தும் என்பதை உளவியல் அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டது நம் வீட்டு முடிவுகளுக்கு நேரடியாக உதவும்.

முகமூடி போட்ட பூனை

1969இல் ரேட்டா டிவ்ரிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மேனார்ட் என்ற சாதுவான பூனையைக் குழந்தைகள் முதலில் தடவிக்கொடுத்துப் பழகினார்கள். பிறகு பூனையின் தலைப்பக்கத்தைத் திரையால் மறைத்து, ஒரு நாயின் முகமூடியை மாட்டினார் டிவ்ரிஸ். பூனையின் வாலும் பின்கால்களும் குழந்தைகளின் கண்ணெதிரேதான் இருந்தன. திரையை விலக்கியதும், மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் பூனை நாயாகிவிட்டது என்றே நம்பினார்கள். கடித்துவிடுமோ என்று விலகியும் நின்றார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கோ உள்ளே இருப்பது பூனைதான் என்பதில் சந்தேகமே இல்லை.

முக்குக்கடை மாமாவைப் பார்த்து மூன்று வயதுக் குழந்தை அலறுவதன் காரணம் இதுதான். தோற்றம் மாறினால் ஆளே மாறிவிட்டதாக அந்த மனம் எடுத்துக்கொள்கிறது. அதைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம். உருவத்துக்குப் பின்னால் மாறாத ஒருவர் இருக்கிறார் என்ற அறிவு அந்த வயதில் இன்னும் வேர்விடவில்லை.

காண்பதிலிருந்து கருதுவதற்கு

திரையைப் பார்த்துப் பயப்படும் குழந்தைகளைப் பற்றி அதிகம் ஆராய்ந்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோஆன் கேன்டர். எழுபதுகளின் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ தொடர் வந்தது. சாதாரண மனிதர் ஒருவர் கோபம் வந்தால் பச்சை நிறப் பூதமாக மாறி, ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றும் கதை. பெற்றோரிடம் விசாரித்தபோது, பள்ளி செல்லாத வயதுக் குழந்தைகளை அதிகம் பயமுறுத்திய நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று என்று தெரியவந்தது. கதையின்படி ஹல்க் நல்லவன். ஆனால் சின்னஞ்சிறுசுகளுக்குக் கதை பொருட்டில்லை. மனிதன் கண்முன்னே வேறொன்றாக மாறுவதுதான் அவர்களை உலுக்கியது. வளர்ந்த பிள்ளைகளோ, இனி உதவி வந்துவிடும் என்று நிம்மதி அடைந்தார்கள்.

1983 நவம்பரில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. அணுகுண்டுப் போரில் ஓர் அமெரிக்க ஊர் அழிவதைக் காட்டிய ‘தி டே ஆஃப்டர்’ என்ற படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. குழந்தைகள் நொறுங்கிப்போவார்கள் என்று நாடே கவலைப்பட்டது. கேன்டர் குழுவினர் விசாரித்தபோது சிறு குழந்தைகள்தான் மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பதின்வயதினர் அவர்களைவிடக் கூடுதலாகவும், பெற்றோர் எல்லோரையும்விடக் கூடுதலாகவும் கலங்கியிருந்தார்கள். அணு ஆயுதம் என்றால் என்ன, அது நிஜத்தில் நடக்கக்கூடியதா என்று புரிந்தவர்களுக்குத்தான் அந்தப் படம் பயம்.

சுமார் ஏழு வயதுவரை விகார உருவம், திடீர்ச் சத்தம், உருமாற்றம் ஆகியவை பயமுறுத்தும். எட்டு முதல் பன்னிரண்டு வரை, தனக்கோ அம்மா அப்பாவுக்கோ நிஜமாகவே நடக்கக்கூடியவை பயமுறுத்தும்: கடத்தல், விபத்து, பிரிவு. பதின்வயதில் போர், கொள்ளைநோய், அதிகாரத்தின் ரகசியம் போன்ற கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் சேர்ந்துகொள்கின்றன. பயம் வயதோடு போய்விடுவதில்லை. வேறு இடத்துக்குக் குடிபெயர்கிறது.

ஒரே தொடர், மூன்று பயங்கள்

2016இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கி 2025 இறுதியில் முடிந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ இதற்குப் பொருத்தமான உதாரணம். 1983இல் ஹாக்கின்ஸ் என்ற கற்பனை ஊரில் ஒரு சிறுவன் காணாமல்போகிறான். நண்பர்கள் தேடுகிறார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிவந்த, மனச்சக்தி கொண்ட ஒரு சிறுமி அவர்களோடு சேர்கிறாள்.

ஐந்து வயதுக் குழந்தை இதைப் பார்த்தால், பூவிதழ் விரிவதுபோல வாய் பிளக்கும் டெமோகார்கன் என்ற மிருகம் மட்டும்தான் மனதில் தங்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மிருகத்தைவிடப் பெரிய பயம், அந்தச் சிறுவன் வீடு திரும்பாததும் அவனுடைய அம்மாவின் தவிப்பும். பதினான்கு வயதுப் பிள்ளையை உறுத்துவது, பெரியவர்கள் ஒரு குழந்தையைச் சோதனைப்பொருளாக்கிப் பூட்டிவைத்தது. நீங்கள் டெமோகார்கனை மட்டும் மனதில் வைத்து ‘இது பொம்மைதானே’ என்று அனுமதித்தால், ஒன்பது வயதுப் பிள்ளையின் பயம் உங்கள் கணக்கில் வராமலே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தொடரின் நாயகர்களே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். சைக்கிள் ஓட்டி, நண்பர்களோடு சேர்ந்து பெரியவர்களை மிஞ்சுகிறார்கள். அதனால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை இது இழுக்கிறது. பிள்ளைகள் நடிப்பதாலேயே ஒன்று பிள்ளைகளுக்கான தொடர் ஆகிவிடாது. அத்தியாயங்கள் வளர வளரக் கொடூரமும் வளர்கிறது. முதல் பாகம் பரவாயில்லை என்பதால் நான்காம் பாகமும் பரவாயில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

தாமிரபரணிக்கரையின் சொந்தப் பயங்கள்

வயதோடு, பிள்ளை வாழ்ந்த வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்துப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதியை மூழ்கடித்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த வெள்ளத்தில் மொட்டைமாடியில் ராத்தங்கிய பிள்ளைக்கு, படத்தில் வரும் வேற்றுக்கிரக மிருகம் வேடிக்கையாகத் தெரியலாம். அதே படத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் ஒரு சாதாரணக் காட்சி தூக்கத்தைக் கெடுக்கலாம்.

கூடங்குளம் அணுமின் நிலையமும் நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2011இல் புகுஷிமா விபத்து நடந்த பிறகு இடிந்தகரையில் அணு உலைக்கு எதிரான போராட்டம் வலுத்தபோது, கடலோரப் பிள்ளைகள் அணு உலையைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தார்கள். அணுக்கதிர்வீச்சால் ஊர் அழியும் கதை சென்னையில் ஒரு பதின்வயதுப் பிள்ளைக்குப் புனைவு. உலையின் குவிமாடத்தைத் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு அது பக்கத்துவீட்டுச் செய்தி. அதனால் மறைக்கவேண்டும் என்று அர்த்தமில்லை. படம் முடிந்ததும் அணு உலை எப்படி இயங்குகிறது, எங்கே ஆபத்து, எப்படித் தடுக்கிறார்கள் என்று உட்கார்ந்து பேச ஒருவர் தேவை. மகேந்திரகிரியில் ராக்கெட் எந்திரங்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம் இருக்கும் மாவட்டம் இது. விண்வெளித் திகில் கதை பார்த்த பிள்ளையிடம் நிஜ விண்வெளியைப் பற்றிப் பேச விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

‘சும்மா கதைதாம்ல’ யாருக்கு உதவும்?

பிள்ளை பயந்தால் நாம் முதலில் சொல்வது, ‘அது நிஜமில்ல, சும்மா கதைதாம்ல’. இது எல்லா வயதுக்கும் பலிக்காது. 1991இல் பால் ஹாரிஸ் குழுவினர் இங்கிலாந்தில் நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஒரு காலிப்பெட்டியைக் காட்டினார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று குழந்தைகளே பார்த்து உறுதிசெய்தார்கள். பிறகு அதற்குள் ஒரு பூதம் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். கற்பனைதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஆய்வாளர் அறையைவிட்டுப் போக எழுந்ததும், சில சின்னப் பிள்ளைகள் போகவேண்டாம் என்று தடுத்தார்கள்.

மூளையில் ஆபத்தை உணர்ந்து உடலை உசுப்பும் அமிக்டாலா பகுதி சிறு வயதிலேயே சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. ‘பொறு, இது படம்தான்’ என்று அதை அடக்கும் மூளையின் முன்நெற்றிப் பகுதியோ இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் சிறு குழந்தைக்கு விளக்கம் வேண்டியதில்லை. படத்தை நிறுத்துவது, மடியில் தூக்கி வைப்பது, ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது, கவனத்தைத் திருப்புவது: இவைதான் வேலைசெய்யும் என்று கேன்டரின் ஆய்வுகள் காட்டுகின்றன. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு விளக்கம் உதவும். மிருகத்துக்கு எப்படி ஒப்பனை போட்டார்கள், கணினியில் எப்படி வரைந்தார்கள் என்று முன்கூட்டியே காட்டினால் பயம் குறையும்.

கண்ணைப் பொத்திக்கொள்வதிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. பார்பரா வில்சன் 1989இல் வெளியிட்ட ஆய்வில், சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணை மூடுவது பயத்தைக் குறைத்தது. பெரிய பிள்ளைகளுக்கோ கூட்டியது. சத்தம் மட்டும் கேட்கும்போது அவர்கள் கற்பனை இன்னும் மோசமானதை வரைந்துகொள்கிறது.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1999இல் கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் சிறுவயதில் படமோ தொலைக்காட்சியோ பார்த்துக் கடுமையாகப் பயந்ததை நினைவுகூர்ந்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அந்தக் கலக்கம் அப்போதும் மிச்சமிருந்தது.

கொடை ராத்திரியின் பாடம்

பயத்தை அடியோடு விலக்கிவைப்பதும் சரியாகாது. பாதுகாப்பான பயத்தில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேய்வீட்டுக் கண்காட்சிக்கு வந்தவர்களின் இதயத்துடிப்பை அளந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தாலும் ரசிக்கவில்லை, மிக அதிகமானாலும் ரசிக்கவில்லை. நடுவில் ஓர் அளவில்தான் ரசித்தார்கள். அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறு.

நம் ஊர்க் கோயில் கொடைவிழாக்களில் இந்த அளவு பார்க்கும் பழக்கம் இருந்தது. சுடலைமாடன் கதை லேசான கதையல்ல. விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, ராத்திரியில் பிணவாடை கண்டு சுடுகாட்டுக்குப் போகும் கதை. அதை எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். ஆச்சி மடியில், சொந்தபந்தம் சூழ, வில்லுப்பாட்டாகக் கேட்டார்கள். புலவர் ஒரு அடி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். மூச்சு வாங்க இடம் கிடைக்கும். வார்த்தையாக வருவதால் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தாங்கும் அளவுக்கே மனதில் வரைந்துகொள்ளும். நள்ளிரவில் சாமியாடும் கோமரத்தாடி வேட்டைக்குக் கிளம்பும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்தப் பெரியவர்களே சோறூட்டும்போது ‘இசக்கி வருவா’ என்று மிரட்டியதும் உண்மைதான். அந்தப் பழக்கம் ஒழியவேண்டியது. ஆனால் துணையோடு கேட்பது, படிப்படியாகக் கேட்பது, எதை எப்போது மறைப்பது என்ற அறிவு காப்பாற்றத்தக்கது.

கைபேசியில் இவை எதுவும் இல்லை. போர்வைக்குள் தனியாக, காதில் ஒலிக்கருவியோடு பார்க்கிறது பிள்ளை. ஒரு அத்தியாயம் முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குகிறது. அதன் பயத்தை எந்தப் பெரியவரும் பார்ப்பதில்லை.

சான்றிதழ் ஒரு வாசல்

இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி இணைய ஒளிபரப்புத் தளங்கள் தங்கள் தொடர்களை யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வகைப்படுத்தவேண்டும். 13+க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி தரவேண்டும். 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் திரையரங்குப் படங்களுக்கும் இதே வயதுப் பிரிவுகளைக் கொண்டுவந்தது. இணையத் தளங்கள் தரும் அந்தப் பெற்றோர் பூட்டை இன்றே போட்டுவையுங்கள். ஆனால் உங்கள் பிள்ளை வெள்ளத்தில் மாட்டியதா, இருட்டில் தூங்குமா என்பதெல்லாம் சான்றிதழுக்குத் தெரியாது. மிச்சத்தை வீடுதான் முடிவுசெய்யவேண்டும்.

அனுமதிக்கும் முன் கேட்டுப் பாருங்கள்:

* முதலில் நான் ஒரு அத்தியாயத்தை முழுதாகப் பார்த்தேனா?
* பிள்ளை தானாக ஆசைப்படுகிறதா, வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதால் கேட்கிறதா?
* இதைவிட லேசான கதையைப் பார்த்தபோது அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியதா?
* பகலில், நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று பார்க்க முடியுமா?
* பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னால், ‘இதுக்குப் போயி பயப்படுதியே’ என்று கேலிசெய்யாமல் இருப்பேனா?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. கேலிக்குப் பயந்து பிள்ளை வாயை மூடிக்கொண்டால், அதன் பயம் எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு வேறு வழியே இல்லை. ‘போதும், நிறுத்துங்க’ என்று கூசாமல் சொல்லத் தெரிந்த பிள்ளையும், சொன்ன உடனே நிறுத்துகிற பெற்றோரும் இருக்கும் வீட்டில், கொஞ்சம் பயமான கதையைத் தைரியமாகத் தொடங்கலாம். அந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் இன்னும் ஒரு வருஷம் காத்திருங்கள். கதை எங்கேயும் போய்விடாது.