ஓ.டி. வாங்கித் தரும் பி.டி. சார்

சிங்கப்பெருமாள் கோவிலில் பீச் ரயில் ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்கினால், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். கல்லூரிப் பிள்ளைகள் ‘பி.டி. சார்’ என்று கூப்பிடும் உடற்கல்வி இயக்குநர்களுக்கு அதுதான் தாய்வீடு.

1920-இல் அதைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. பயிற்சி, நிர்வாகம் இரண்டும் ஒருவர் தலையில் விழுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இப்போது அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஒரே விளையாட்டில் ஊறியவர் பாட்டியாலா விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் டிப்ளமோ முடித்து ‘கோச்’ ஆகலாம். பி.டி. சார் ஆக எம்.பி.எட். வேண்டும், நெட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும், மாணவப் பருவத்தில் களத்தில் ஆடிய சான்றும் வேண்டும். உடல்தகுதித் தேர்வு வேறு. யு.ஜி.சி. விதிப்படி, 30 வயது வரையுள்ள ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டரைக் கடந்து காட்ட வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் உண்மையான ஓட்டம். விடிவதற்குள் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டாக வேண்டும். தென் மண்டலப் போட்டிக்குப் பன்னிரண்டு பேர் கிளம்பினால் பன்னிரண்டு தகுதிப் படிவங்கள்: போட்டோ ஒட்டி, பிறந்த தேதியும் பிளஸ் டூ முடித்த ஆண்டும் சரிபார்த்து, முதல்வரிடம் கையெழுத்தும் சீலும் வாங்க வேண்டும். ஒரு தேதி பிசகினாலும் அந்தப் பையன் அவ்வளவு தூரம் போயும் ஓரத்தில்தான் உட்கார வேண்டியிருக்கும். திரும்பி வந்ததும் ஓ.டி. (ஆன் டியூட்டி) பிரச்சினை. ஆடப் போன நாட்களை வருகையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லித் துறைத்தலைவர் அறை வாசலில் நிற்பவரும் இவர்தான். அந்தக் காத்திருப்பை எந்தக் கோப்பையிலும் பொறிப்பதில்லை.

“ஆட்டம் சோறு போடுமா சார்?” என்று ஒரகடத்தில் ஷிப்டு பார்க்கும் அப்பா கேட்பது நியாயமான கேள்வி. பதில் சொல்ல பி.டி. சாரிடம் ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த சான்றிதழ் அங்கே செல்லும். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் சாதித்த வீரர்களுக்கு 3 சதவீத இடம் உண்டு. “ரெண்டு வருஷம் பையனை என்கிட்ட விடுங்கண்ணே” என்கிறார் அவர்.