உங்களுக்குத் தெரியுமா? வானம்பாடிக்கு விட்ட இடம்

இங்கிலாந்தின் கோதுமை வயல்கள் சிலவற்றில், விதைப்பு விட்டுப்போனது போல ஆங்காங்கே வெறும் திட்டுகள் தெரியும். அவை வானம்பாடிக்காக உழவர் வேண்டுமென்றே விட்டுவைத்தவை. விதைப்புக் கருவியைச் சில மீட்டர் தூரம் நிறுத்திவிட்டு டிராக்டரை ஓட்டினால் போதும். ஒரு திட்டு 16 முதல் 24 சதுர மீட்டர், எக்டேருக்கு இரண்டு. ஓர் அறையின் அளவுதான்!

வானம்பாடி தரையில், பயிருக்குள் கூடு கட்டும். முன்பு வசந்தத்தில் விதைத்த தானியத்தை இப்போது பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிடுகிறார்கள். மே, ஜூனுக்குள் பயிர் உயர்ந்து நெருங்கிவிடும். பறவை இறங்கவே வழியில்லை. டிராக்டர் சக்கரத் தடத்தை ஒட்டிக் கூடு வைத்தால், அதே தடத்தில் நரி வந்துவிடும். மூன்று முறைகூடக் குஞ்சு பொரிக்கக்கூடிய பறவை ஒன்றோடு நின்றுபோகிறது. திட்டு இருந்தால் அதில் இறங்கி, பூச்சி பொறுக்கி, பக்கத்துப் பயிருக்குள் காத்திருக்கும் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும்.

கேம்பிரிட்ஜ்ஷயரில் பறவைப் பாதுகாப்புச் சங்கம் நடத்தும் 'ஹோப் ஃபார்ம்' பண்ணையில் இப்படிப்பட்ட ஏற்பாடுகளால் வானம்பாடிகள் மூன்று மடங்குக்கு மேல் பெருகின. கோதுமையும் தொடர்ந்து விளைகிறது.

நாடு முழுவதும் இப்படிப்பட்ட பறவைகளைக் கணக்கெடுப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். 1994 முதல் ஆண்டுதோறும், ஒதுக்கப்பட்ட ஒரு சதுர கிலோமீட்டருக்குள் இரண்டு நேர்கோடுகளில் விடியற்காலையில் நடந்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் குறிக்கிறார்கள். உயரத்தில் புள்ளியாகிப் பாடும் வானம்பாடியைப் பெரும்பாலும் காதுதான் முதலில் கண்டுபிடிக்கிறது.