முதல் செமஸ்டரைத் தாண்டுவது எப்படி?

அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு 2021 முதல் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பணக்கவலை குறைந்தது பெரிய விஷயம். ஆனால் முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர் விழுந்தால், ‘நமக்கு இது வராது’ என்று பிள்ளை ஒதுங்கிவிடுகிறது.

பெரும்பாலும் சிக்கல் கணக்கில் இல்லை. தமிழ்வழியில் படித்து, பிளஸ் டூவில் வகைக்கெழுக் கணக்குகளைச் சரளமாகப் போட்ட பெண்ணிடம் பேராசிரியர் ‘டெரிவேட்டிவ்’ என்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று பிடிபடுவதற்குள் கரும்பலகையில் நாலு வரி ஓடிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவளைக் கேட்கக் கூச்சம். படிக்கும் முறையும் மாறிவிடுகிறது. பள்ளியில் ஒரே பாடநூல். புக் பேக் கணக்குகளைப் போட்டுப் பழகினால் போதும். இங்கே ஒரு பாடத்துக்கே பல நூல்கள்.

இதற்குக் கல்லூரிகள் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துகின்றன. நல்லதுதான், ஆனால் பிளஸ் டூ பாடத்தையே திரும்ப நடத்துவதோடு அது நின்றுவிடக் கூடாது. வேறென்ன செய்யலாம் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு.

1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் கால்குலஸில் தோற்றார்கள். ஏன் என்று ஆராய்ந்த கணித ஆசிரியர் யூரி டிரைஸ்மன், அவர்கள் கடுமையாக உழைப்பதைக் கண்டார். ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். டிரைஸ்மன் குழுப் பயிற்சி தொடங்கினார். ‘பின்தங்கியோர் வகுப்பு’ என்று பெயர் வைக்கவில்லை. எளிய கணக்குகளும் தரவில்லை. கடினமான கணக்குகளையே கொடுத்தார். தேர்ச்சி கணிசமாக உயர்ந்தது.

நம் கல்லூரிகளும் இதைச் செய்யலாம். தமிழ்வழி, ஆங்கிலவழி மாணவர்கள் கலந்த ஐந்தாறு பேர் குழு, முதல் வாரத்திலிருந்தே. பேச்சு தமிழில் இருக்கட்டும், விடை ஆங்கிலத்தில் எழுதட்டும். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த வாரமே ஆசிரியர் விடைத்தாளோடு மாணவர் அருகில் உட்கார வேண்டும். செமஸ்டர் முடிவு வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

கல்லூரி திறப்பதற்குள் மாணவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிளஸ் டூ கணிதப் பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாடங்களும் கணக்குகளும் ஒன்றேதான். தெரிந்த கணக்கைத் தமிழில் பார்த்துவிட்டு, அதையே ஆங்கிலப் புத்தகத்தில் வாய்விட்டுப் படியுங்கள். நாளுக்கு நாலு கணக்கு போதும்.