பாடம் படித்த செலவு யார் கணக்கில்?



பட்டறை ஒன்றின் படியேறிப் பாருங்கள். எண்ணெய் படிந்த கை, கரி படிந்த சட்டை, கையிலே ஸ்பானர், காதிலே பென்சில்! வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, அதன் இரைச்சலைக் கேட்டு, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடக் கூடியவர் அந்தப் பட்டறைக்காரர். கார்புரேட்டரைக் கழற்றி மாட்ட அவருக்குக் கண்கூட வேண்டாம், கை போதும். இருபதாண்டு உழைப்பு தந்த வித்தை அது!

அந்த வித்தைக்கு வந்தது வினை. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு எனும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. புது வண்டிகளிலே கார்புரேட்டர் போயிற்று. எரிபொருளை அளந்து பீய்ச்சும் மின்னணு ஏற்பாடு வந்தது. காது சொன்ன கோளாறை இன்று ஸ்கேனர் சொல்லுகிறது. போதாக்குறைக்கு, புகையே விடாத பேட்டரி வண்டியும் வாசலிலே வந்து நிற்கிறது. கற்றுக்கொண்டால் கடை, கற்காவிட்டால் கதவுக்குப் பூட்டு! இதுதான் பட்டறைக்காரரின் இன்றைய நிலை.

அவர் சோர்ந்துவிடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பட்டறைப் பையன் ஒருவனைப் பட்டணத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார். பயிற்சிக் கட்டணம், பஸ் கட்டணம், தங்கும் அறைக்கு வாடகை, வேலை செய்யாத அந்த நாட்களுக்கும் கூலி, எல்லாம் அவர் கைப்பணம். ஆண்டு முடிந்ததும் ஆடிட்டரிடம் போகிறார்.

“ஐயா, இந்தப் பயிற்சிச் செலவைக் கணக்கிலே எழுதி, வருமானத்தில் கழித்துக் கொள்ளலாமா?”

“எழுதலாம் அண்ணே, சட்டம் தடுக்கவில்லை. ஆனால், நீங்கள் எழுத முடியாது!”

வேடிக்கையாக இல்லையா? எழுதலாமாம், இவர் எழுதக் கூடாதாம்! இந்த வேடிக்கைக்குள்ளே இருக்கும் வேதனையைத்தான் இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொன்னது இது: செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே இருக்க வேண்டும், சொந்தச் செலவாக இருக்கக் கூடாது, முதலீட்டுச் செலவாகவும் இருக்கக் கூடாது. இந்த மூன்று வாயிலையும் கடந்தால் கழித்துக் கொள்ளலாம். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் வந்து பிரிவுகளின் எண் மாறிற்று. இந்த நெறி மாறவில்லை.

“இந்தப் பயிற்சி அவசியம்தானா?” என்று அதிகாரி அதட்ட முடியுமா? முடியாது. ‘அவசியமாக’ என்ற சொல் 1961 மசோதாவிலே இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் எடுக்கப்பட்டது. அந்த வரலாற்றைச் சுட்டிக்காட்டி, 1979-இல் சாசூன் டேவிட் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: தொழிலுக்காகச் செய்த செலவா என்பதே கேள்வி, செய்தே தீர வேண்டிய செலவா என்பதல்ல.

ஆகவே, நடக்கும் தொழிலில் வேலை செய்யும் ஆளுக்கு, அந்தத் தொழிலிலேயே பயிற்சி தந்தால், அது தொழிற்செலவு. மகனைச் சீமைக்குப் படிக்க அனுப்பிவிட்டு, பட்டறைக் கணக்கிலே பற்று எழுதினால், கேள்வி வரும், வரவும் வேண்டும். இன்னும் தொடங்காத தொழிலுக்காகப் படித்த படிப்பு, முதலீட்டின் பக்கம் போய்விடும். ஸ்கேனர் வாங்கினால் அது பொறி. ஆண்டுதோறும் தேய்மானம்தான் கழியும். இவற்றிலே நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை.

பின், நம் பட்டறைக்காரருக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

சிறு தொழிலுக்குச் சலுகை என்று ஒரு குறுக்குவழி வகுத்தார்கள். ஆண்டு வரவு 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால், ரொக்க வரவில் 8 விழுக்காடு, வங்கி வழி வந்ததில் 6 விழுக்காடு இலாபம் என்று காட்டிவிடலாம். ரொக்கம் 5 விழுக்காட்டுக்கு மேற்போகாவிட்டால் 3 கோடி வரை இந்த வழி உண்டு. பேரேடு வேண்டாம், பெரிய கணக்கு வேண்டாம். நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான்! ஆனால் அந்த வழியிலே ஒரு நிபந்தனை: எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டதாகப் பொருள். கூலி கழிந்தது, வாடகை கழிந்தது, பயிற்சியும் கழிந்தது! பயிற்சியே தராதவனுக்கும் கழிந்தது. பையனைப் படிக்க வைத்தவனுக்கும் அதே அளவுதான் கழிந்தது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். உதிரிப் பாகங்களும் விற்கும் பெரிய கார் பட்டறை; வரவு 1 கோடியே 75 லட்சம்; எல்லாம் ரொக்கம் என்று கொள்வோம். 8 விழுக்காடு, 14 லட்சம். ஆட்களின் பயிற்சிக்கு 1 லட்சம் செலவழித்து, கையிலே 13 லட்சம்தான் மிஞ்சினாலும், ஏட்டிலே 14 லட்சம்தான். புதிய வரி முறையில் அந்த 1 லட்சத்துக்கு, கூடுதல் தீர்வையும் சேர்த்து, 15,600 ரூபாய் வரி. சம்பாதிக்காத பணத்துக்கு வரி. கற்றுக்கொடுத்த குற்றத்துக்குத் தண்டம்!

“குறுக்குவழியை விட்டுவிட்டு நேர்வழியில் வரட்டுமே” என்பார்கள். வரலாம். ஆனால், அந்த வழியில் ஒருமுறை நடந்தவர் அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் விலகினால், பிறகு ஐந்தாண்டுகள் அதில் திரும்பக் கால் வைக்க முடியாது. வரிக்குரிய வருமானம் இருந்தால் தணிக்கையும் செய்தாக வேண்டும். ஒரு பையனுக்குப் பயிற்சி தர ஐந்தாண்டு வனவாசமா?

இதே நாட்டில் கம்பெனிகளுக்கு என்ன நடந்தது தெரியுமா? 2012 நிதிச் சட்டத்தின் வழியே தனிப் பிரிவு ஒன்று வந்தது. உற்பத்தியிலும் குறிப்பிட்ட சேவைகளிலும் உள்ள கம்பெனி, அறிவிக்கப்பட்ட திறன் வளர்ச்சித் திட்டத்துக்கு 100 ரூபாய் செலவிட்டால், 150 ரூபாய் செலவிட்டதாகக் கழித்துக் கொள்ளலாம் என்றார்கள்! 2020-21 நிதியாண்டு முதல்தான் அது 100 என்று குறைந்தது. கம்பெனிக்கு ஒன்றரை மடங்கு, பட்டறைக்கு ஒன்றுமில்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பது வேறென்ன?

“சின்னப் பட்டறைக்காரன் வரியே கட்டுவதில்லையே, அவனுக்கு ஏன் கழிவு?” என்று கேட்பவரும் உண்டு. நியாயமான கேள்வி. 2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. மழையிலே நனையாதவனுக்குக் குடை எதற்கு? உண்மை! அவனுக்கு வேண்டியது வரிக் கழிவல்ல, உதவித் தொகை. அதற்கும் 2016-இல் ஒரு திட்டம் வந்தது: தொழில் பழகுநருக்குத் தரும் தொகையில் 25 விழுக்காடு, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கும் என்று. ஆனால் தொழில் பழகுநர் விதிப்படி குறைந்தது நான்கு பேர் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். முதலாளியும் இரண்டு பையன்களுமாக நடக்கும் பட்டறை? வரி வாசலிலும் இடமில்லை. உதவி வாசலிலும் இடமில்லை!

தெருவுக்குத் தெரு இருக்கும் அந்தப் பட்டறைகள்தாம், பள்ளியை விட்டு வந்த பையனுக்குக் கல்லூரி. கட்டணம் கேட்காத கல்லூரி. சோறு போட்டுச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி! அதன் ஆசிரியருக்கு நாடு தரும் மரியாதை இதுதானா?

கேட்பது பெரிதல்ல. குறுக்குவழியில் வருபவருக்கும், ரசீதோடு காட்டும் பயிற்சிச் செலவைத் தனியே கழிக்க இடம் கொடுங்கள். முடியாது என்று சொல்ல முடியாது. கூட்டு வியாபாரத்தில் பங்காளிகளின் சம்பளத்தையும் வட்டியையும் இதே பிரிவில் தனியே கழிக்க அனுமதித்திருந்தார்கள். 2016 நிதிச் சட்டம்தான் அதை எடுத்தது. எடுத்த கைக்குக் கொடுக்கவும் தெரியும்! நான்கு பேர் என்ற வரம்பையும் தளர்த்துங்கள்.

பட்டறைத் தோழர்களுக்கும் ஒரு சொல். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. இன்று கணக்குப் பார்க்காதவனுக்குத்தான் உழக்கும் மிஞ்சுவதில்லை. பயிற்சிக்குப் போன ஆளின் பெயர், நாள், பாடம், ரசீது, நான்கையும் நோட்டிலே எழுதுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அந்தச் செலவு கழிவில் நிற்காது. குறுக்குவழி இலாபமா, நேர்வழி இலாபமா என்று ஆடிட்டரிடம் இரண்டு கணக்கும் போடச் சொல்லி, பிறகு கையெழுத்திடுங்கள்.

உரிமை கேட்கும் நாளில், அந்த நோட்டுத்தான் நம் சாட்சி. எழுதத் தொடங்குங்கள், இன்றே!