5 லட்சத்தில் ஒரு பழைய ஜிப்ஸி: வண்டி விலை பாதிக் கதைதான்!

போன வாரம் வீடியோல என்னோட ஜிப்ஸியைப் பார்த்துட்டு நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "ப்ரோ, எவ்ளோ ஆச்சு?" வண்டி வாங்கின விலையை மட்டும் சொன்னா அது பாதி உண்மைதான். அதனால இந்தப் பதிவுல முழுக் கணக்கையும் வைக்கிறேன். நான் பண்ணின தப்பும் இதுல இருக்கு.

ஈசிஆர்ல கூரையைத் திறந்துட்டுப் போகணும்னு யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனா புது கன்வெர்டிபிள் விலை நம்ம சம்பளத்துக்கு எட்டாது. மாசச் சம்பளக்காரருக்கு எட்டுற திறந்த கூரை வண்டிகள்ல முக்கியமானது பழைய மாருதி ஜிப்ஸி சாஃப்ட் டாப். 1985ல வந்து, 30 வருஷத்துக்கு மேல ஓடின மாடல். 1996ல வந்த 1.3 லிட்டர் 'ஜிப்ஸி கிங்' தான் இன்னிக்கு மார்க்கெட்ல அதிகம் கிடைக்கும். எளிமையான பெட்ரோல் இன்ஜின், முன்னாடியும் பின்னாடியும் பட்டை ஸ்பிரிங், மேலே கேன்வாஸ் ஹூட். ஓரளவு அனுபவம் உள்ள மெக்கானிக் யாருக்கும் இந்த வண்டி புதுசா இருக்காது.

முதல்ல என் தப்பு

பைனான்ஸ் பேசுற நானே இதுல சறுக்கினேன். வண்டி 3,40,000 ரூபாய். கையில 40,000 தான் இருந்தது. மீதி 3 லட்சத்துக்கு பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம். இஎம்ஐ சுமார் 10,250. முழுசா கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் கிட்டத்தட்ட 69,000 ரூபாய். ஒரு செட் டயர், ஒரு புது ஹூட், பிரேக் வேலை எல்லாம் சேர்ந்த காசு அது!

அதோட விட்டேனா? முதல் ரெண்டு மாசத்துல கிரெடிட் கார்டுல 58,000 ரூபாய்க்கு அழகு வேலை: அகலமான வீல், எல்இடி பார், பம்பர், கொஞ்சம் பெயின்ட். மூணாவது மாசம் வீட்டுக்காரம்மாவோட ஏற்காடு போயிட்டு இறங்கிட்டு இருக்கோம். பாதி வழியில பிரேக் பெடல் மெதுவா உள்ளே போக ஆரம்பிச்சுது. செகண்ட் கியருக்கு மாத்தி, ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு, ஒரு வளைவுல மண் மேட்டுல ஒதுக்கி நிறுத்தினேன். பின் சக்கரத்து வீல் சிலிண்டர் ஒழுகிட்டு இருந்திருக்கு. மாத்தியிருந்தா ஆகியிருக்கும் செலவு ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ளதான். அவங்க என்னைத் திட்டலை. "லைட்டுக்கு எவ்ளோ குடுத்தீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கப்புறம் ஆறு மாசம் அந்த வண்டியில ஏறவே இல்லை.

அந்த நாள்ல கத்துக்கிட்டது இதுதான்: பழைய வண்டியில பணத்தைவிட, பணம் போற வரிசைதான் முக்கியம். பேப்பர், பாதுகாப்பு, தண்ணி, சொகுசு, அழகு. இந்த வரிசையை மாத்தாதீங்க.

மொத்தக் காசுல 60% தான் வண்டிக்கு

உங்க கையில இருக்குற மொத்தத் தொகையை முதல்ல எழுதுங்க. அதுல 60%க்கு மேல வண்டி விலைக்குப் போகக் கூடாது. இது நான் அடிபட்டுப் போட்டுக்கிட்ட விதி. 5 லட்சம் இருந்தா இப்படிப் பிரிங்க:

- வண்டி விலை: 3,00,000
- பேப்பர், இன்சூரன்ஸ்: 25,000
- புதுப்பிக்கிற வேலை: 1,34,000
- எதிர்பாராத செலவுக்கு: 41,000

"3 லட்சத்துக்கு நல்ல வண்டி கிடைக்கலையே"ன்னு தோணினா 60ஐ 80 ஆக்காதீங்க. இன்னும் ஆறு மாசம் ஆர்டி போட்டுட்டு வாங்க. வண்டி எங்கேயும் ஓடிப் போகாது. இந்த 5 லட்சம் உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்கு வெளியே இருக்கணும்னு தனியா சொல்லத் தேவையில்லை, இல்லையா?

பேப்பர்: பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க

1. ஆர்.சி. எது வரைக்கும் செல்லும்? தனியார் வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அதுக்கப்புறம் ஆர்டிஓ கிட்ட காட்டி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கிற கட்டணமே 5,000 ரூபாய் ஆயிடுச்சு. 20 வருஷம் தாண்டின வண்டிக்கு இன்னும் அதிகம். பசுமை வரி தனி. காலாவதி ஆன ஆர்.சி.ன்னா புதுப்பிச்சுக் குடுத்த பிறகுதான் காசுன்னு சொல்லுங்க.

2. வெளி மாநில வண்டியா? டெல்லி பக்கம் 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்குறதால, அங்கே விலை கம்மி. ஆனா என்ஓசி வாங்கணும், இங்கே ஆயுள் வரி கட்டணும், புது நம்பர் எடுக்கணும். அலைச்சலையும் கூட்டிப் பார்த்தா அந்த 'சல்லிசு' பெருசா மிஞ்சாது.

3. ராணுவ ஏலத்துல வந்த வண்டியா? ஜிப்ஸியில இது சகஜம். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டும் ஆர்.சி.யோட எழுத்துக்கு எழுத்து பொருந்துதான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க.

4. மாடிஃபிகேஷன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 2019ல சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணியிருக்கு. ஹார்ட் டாப்பா பதிவான வண்டியை வெட்டி சாஃப்ட் டாப் ஆக்கியிருந்தா எஃப்.சி.யிலயும் சிக்கல், கிளெய்ம்லயும் சிக்கல். கலர் மாறியிருந்தா அது ஆர்.சி.யில ஏறியிருக்கணும்.

5. இன்சூரன்ஸ். வண்டி கைமாறின 14 நாளுக்குள்ள பாலிசியை உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு வண்டியோட வரும். ஆனா உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான பாதுகாப்பு, பேர் மாறாம கிடைக்காது. பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் அவருக்குத்தான், உங்களுக்கு வராது. 5 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவி நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றதுதான். அதனால வேலை முடிச்ச பிறகு போட்டோ, பில் எல்லாம் காட்டிப் பேசுங்க.

வேலைகள்: மூணு சுற்று

கீழே இருக்குற தொகைகள் ஒரு உதாரணக் கணக்கு. ஊரையும் மெக்கானிக்கையும் பொறுத்துக் கூடும், குறையும்.

சுற்று 1: உயிர் சம்பந்தப்பட்டது (63,000)
- பிரேக்: வீல் சிலிண்டர், ஷூ, பேட், ஹோஸ், பிரேக் ஆயில் – 11,000
- டயர் 5 – 32,000
- டைமிங் பெல்ட், டென்ஷனர், ஆயில், கூலன்ட், ஹோஸ் – 12,000
- பேட்டரி, எர்த் வயர், ஹெட்லைட் ரிலே – 8,000

டயர்ல பட்டன் நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். '1815'ன்னா 2015ஆம் வருஷம் 18வது வாரம் தயாரிச்சது. ஓடாம நின்ன வண்டியில டயர் தேயாது, ஆனா காய்ஞ்சு வெடிச்சிருக்கும். டைமிங் பெல்ட் எப்போ மாத்தினதுன்னு பில் இல்லைன்னா, மாத்தலைன்னே வெச்சுக்கோங்க.

ரிலே போடுறது சின்ன செலவுதான். பழைய வயரிங்ல லைட்டுக்குப் போற கரண்ட் முழுசும் ஸ்விட்ச் வழியா போகும். ரிலே போட்டா பேட்டரியில இருந்து நேரா போகும். அதே பல்பு, ஆனா வெளிச்சம் நல்லாவே கூடும். நான் வாங்கின எல்இடி பார் தேவையே இல்லாம போனது இப்படித்தான்!

சுற்று 2: தண்ணி (42,000)
- தரைத் தகடு டிங்கரிங், அடிப்பக்கம் கோட்டிங் – 22,000
- புது கேன்வாஸ் ஹூட் – 16,000
- ரப்பர் பீடிங் – 4,000

திறந்த கூரை வண்டிக்குப் பெரிய எதிரி துருதான். ஹூட் தையல்ல கசியுற தண்ணி ரப்பர் மேட்டுக்கு அடியில போய் நிக்கும். மேல இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. அதனால வாங்கும்போதே மேட்டைத் தூக்கிப் பாருங்க. ஸ்க்ரூ டிரைவர் முனையால தரையை மெதுவா அழுத்துங்க. உள்ளே இறங்கினா பேரம் அங்கேயே ஆரம்பிக்கலாம், இல்லைன்னா அங்கேயே முடிக்கலாம்.

ஹூட் துணி நல்லா இருந்து, ஜன்னல் பிளாஸ்டிக் மட்டும் மஞ்சளாயிருந்தா முழு செட் வாங்காதீங்க. நல்ல குஷன் ஒர்க்ஸ் கடையில பிளாஸ்டிக்கை மட்டும் மாத்தித் தைச்சுக் குடுப்பாங்க. செலவு ஹூட் விலையில சின்னப் பங்குதான். ஒரு விஷயம்: தரை வேலை முடிச்ச பிறகு ஹூட் போடுங்க. வெல்டிங் பொறி பட்டா புதுத் துணியில ஓட்டைதான்.

சுற்று 3: சொகுசு (29,000)
- பட்டை செட் பண்றது, புஷ், ஷாக் அப்சார்பர் – 20,000
- சீட் தைக்கிறது – 9,000

ஜிப்ஸி கொஞ்சம் தூக்கிப் போடும். அது அதோட பிறவிக் குணம். காசு செலவழிச்சு அதை செடான் ஆக்க முடியாது. புஷ், ஷாக் புதுசு பண்ணினா முதுகு வலி குறையும், அவ்வளவுதான். மூணாவது சுற்றை ஆறு மாசம் கழிச்சுக்கூடப் பண்ணலாம். முதல் சுற்று முடியாம மட்டும் வண்டியை ஹைவேல எடுக்காதீங்க.

அழகு வேலை எங்கேன்னு கேக்குறீங்களா? மூணு சுற்றும் முடிஞ்ச பிறகு அந்த 41,000ல மிச்சம் இருந்தா பாருங்க.

மாசச் செலவையும் பாருங்க

வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்கன்னு வைப்போம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர்ன்னா 500 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்ன்னு போட்டாலே 50,000. இன்சூரன்ஸ், சர்வீஸ், சின்னச் சின்ன ரிப்பேர் சேர்த்து இன்னொரு 28,000. வருஷத்துக்கு 78,000, அதாவது மாசம் 6,500 ரூபாய். வாங்குறதுக்கு முன்னாடி மூணு மாசம் இந்த 6,500ஐத் தனி அக்கவுன்ட்ல போட்டுப் பாருங்க. மூச்சு முட்டாம போட முடிஞ்சா வாங்குங்க. முட்டினா, மாசம் ஒரு தடவை செல்ஃப் டிரைவ்ல வண்டி எடுத்து ஆசையைத் தீர்த்துக்கோங்க. அதுல எந்த அவமானமும் இல்லை.

"ஜிப்ஸி விலை ஏறுதாமே, முதலீடுதானே?"ன்னு சிலர் சொல்வாங்க. விக்கும்போது போட்ட ரிப்பேர் காசு திரும்ப வராது. இது முதலீடு இல்லை, சந்தோஷத்துக்கான செலவு. செலவுன்னு ஒத்துக்கிட்டு, கடன் இல்லாம பண்ணினா தப்பே இல்லை.

என் லோன் போன வருஷம்தான் முடிஞ்சுது. பிரேக் முழுசா மாத்தின பில்லை வீட்ல காட்டின பிறகு, அவங்க மறுபடியும் முன் சீட்ல உக்காந்தாங்க. 58,000 ரூபாய் அழகு வேலைக்குக் கிடைக்காத மரியாதை அந்த 11,000 ரூபாய் பில்லுக்குக் கிடைச்சுது.

நீங்க ஒரு பழைய வண்டி பார்த்து வெச்சிருந்தா, மொத்த பட்ஜெட்டை இந்த நாலு பகுதியா பிரிச்சுக் கமெண்ட்ல போடுங்க. எங்க இடிக்குதுன்னு சேர்ந்து பார்ப்போம். அடுத்த வீடியோல மேட்டைத் தூக்கித் துரு பார்க்கிறது எப்படின்னு நேர்லயே காட்டுறேன்.