ஒரே வாரத்தில் ஆயிரம் பேக்லிங்க்: கூகுள் அடிக்குமா?

வெப்சைட் செஞ்சு கொடுத்து பாக்கெட் மணி பார்க்கும் நண்பர்கள் உங்க ஹாஸ்டலிலேயே இருப்பாங்க. நீங்களே கூட அதில் ஒருத்தரா இருக்கலாம். சைட் லைவ் ஆன மறுநாளே கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒண்ணுதான்: "தம்பி, கூகுள்ல தேடினா நம்ம கடை வரவே மாட்டேங்குதே?" சரியா அந்த நேரம் பார்த்து ஒரு விளம்பரம் கண்ணில் படும். ஏழே நாளில் ஆயிரம் பேக்லிங்க், விலை சில நூறு ரூபாய். "மொத்தமா போடாதே, கொஞ்சம் கொஞ்சமா போடு, வேகமா ஏத்தினா கூகுள் பெனால்ட்டி போட்டுடும்" என்று ஒரு சீனியர் அட்வைஸும் கூடவே வரும்.

அந்த அட்வைஸில் பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதியை நம்பினால் பணம் போவது கடைக்காரருக்கு, பேர் கெடுவது உங்களுக்கு.

லிங்க்குக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறைதான் காரணம். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு ஓட்டு. ஆனா எல்லா ஓட்டும் சமம் இல்லை. நிறைய ஓட்டு வாங்கின பக்கம் போடும் ஓட்டுக்கு மதிப்பு ஜாஸ்தி. இலக்கே இல்லாமல் லிங்க் லிங்க்காகக் கிளிக் பண்ணிக்கொண்டே போகிற ஒருத்தர், எந்தப் பக்கத்தில் நிற்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் கணக்கு. "எதுக்கு சார் ஐகன் வெக்டர் படிக்கிறோம்?" என்று முதல் வருஷம் கேட்டோமே, பதில் இங்கேதான் இருக்கு. ஒண்ணு கவனிங்க: அந்தச் சூத்திரத்தில் நேரம் என்ற மாறியே கிடையாது. லிங்க் நேத்து வந்ததா, பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்ததா என்பது அதற்குத் தெரியாது.

அப்போ இந்த வேகப் பயம் எங்கிருந்து வந்தது? 2003 டிசம்பர் கடைசியில் கூகுள் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அதன் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் ஜெஃப் டீன், மேட் கட்ஸ் பெயர்கள் எல்லாம் உண்டு. ஒரு பக்கத்துக்கு வரும் லிங்க்குகள் காலப்போக்கில் எப்படிக் கூடுது, குறையுது என்று பார்க்கலாம். திடீரென்று எகிறினால் அது ஸ்பேமாக இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. 2005-இல் அது வெளியே வந்ததும் எஸ்.இ.ஓ. உலகம் இந்த வரியைப் பிடித்துக்கொண்டது. அந்தத் துறை சூடான விஷயமாக மாறியதாலும் இப்படி எகிறலாம் என்று அதே காப்புரிமை சொன்னதைப் பெரும்பாலானவர்கள் சௌகரியமாக விட்டுட்டாங்க. தவிர, காப்புரிமையில் எழுதியிருக்கு என்பதற்காக அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் கோடில் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

வேர்டில் விளையாட்டை எடுத்துக்கோங்க. ஜோஷ் வார்டில் என்கிற ஒரு தனி மனிதர் தன்னுடைய சொந்தத் தளத்தில் போட்ட விளையாட்டு அது. 2021 நவம்பர் 1 அன்று ஆடினவர்கள் 90 பேர். இரண்டே மாசத்தில் மூணு லட்சத்தைத் தாண்டியது. உலகத்தில் இருக்கும் பத்திரிகைகள் எல்லாம் எழுதின, லிங்க் கொடுத்தன. கிராஃபாகப் போட்டால் செங்குத்தான சுவர் மாதிரி இருக்கும். இதற்குத் தண்டனை கொடுத்தால் புதுசாக எது பிரபலமானாலும் கூகுளில் கிடைக்காது. அப்படி ஒரு தேடுபொறியை யார் பயன்படுத்துவாங்க?

இப்போ மறுபக்கம். ஜே.சி. பென்னி, அமெரிக்காவின் பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனம். 2010 கிறிஸ்துமஸ் சீசனில் அவங்க சைட் கூகுளில் "டிரெஸ்ஸஸ்", "பெட்டிங்" என்று எதைத் தேடினாலும் முதல் இடத்தில் வந்தது. நியூயார்க் டைம்ஸ் தோண்டிப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. உடைக்கும் போர்வைக்கும் கொஞ்சமும் சம்பந்தம் இல்லாத, பாதி செத்துப்போன ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஜே.சி. பென்னிக்கு லிங்க். எல்லாவற்றிலும் அச்சடித்த மாதிரி அதே விற்பனைச் சொற்கள். எங்களுக்குத் தெரியாது என்றது நிறுவனம், அதன் எஸ்.இ.ஓ. ஏஜென்சியை வேலையை விட்டு அனுப்பியது. 2011 பிப்ரவரியில் கூகுள் கையாலேயே நடவடிக்கை எடுத்தது. ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒரு சாம்சொனைட் பெட்டிக்கான தேடலில் முதல் இடம். ஒன்பது மணிக்கு 71-ஆவது இடம்.

மாட்டிவிட்டது என்ன? சம்பந்தமில்லாத இடம், ஒரே மாதிரி ஆங்கர் டெக்ஸ்ட், காசுக்குப் போட்ட தடயம். இதையே சொட்டுச் சொட்டாக இரண்டு வருஷம் போட்டிருந்தாலும் அந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்தவருக்கு இதே காட்சிதான் தெரிந்திருக்கும். 2013 கிறிஸ்துமஸ் அன்று மாட்டிய ராப் ஜீனியஸ் கதையும் இந்த ரகம்தான். எங்க பாடல் வரிப் பக்கங்களுக்கு லிங்க் போடுங்க, உங்களை ட்விட்டரில் பிரபலப்படுத்துறோம் என்று வலைப்பதிவர்களிடம் பேரம் பேசினாங்க. விஷயம் வெளியே வந்ததும், சொந்தப் பெயரைத் தேடினால்கூட முதல் பக்கத்தில் வராத நிலைக்குப் போய், பத்து நாள் கழித்துத்தான் திரும்ப வந்தாங்க.

பெங்குயின் பற்றியும் சொல்லணும். 2012 ஏப்ரல் 24-இல் வந்த இந்த அப்டேட் லிங்க் மோசடி செய்த சைட்டுகளை ஆட்டோமேட்டிக்காகக் கீழே தள்ளியது. ஒருமுறை அடி வாங்கினால், எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகும் அடுத்த அப்டேட் வரும் வரை காத்திருக்கணும். 2014-க்கும் 2016-க்கும் நடுவில் அந்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இழுத்தது. எத்தனை பேர் பிழைப்பு போயிருக்கும்! 2016 செப்டம்பரில் பெங்குயின் மெயின் அல்காரிதத்தோடு சேர்ந்தது. அதிலிருந்து பெரும்பாலும் மோசமான லிங்க்கை மதிப்பில்லாததாக ஆக்கிவிட்டுப் போகிறது, சைட்டையே அடிப்பதில்லை. ஆகவே ஆயிரம் லிங்க் வாங்கினால் இன்று அதிகம் நடப்பது என்ன தெரியுமா? ஒண்ணுமே நடக்காது. காசு மட்டும் போகும். மனுஷங்க பார்த்துப் போடும் மேனுவல் ஆக்‌ஷன் மட்டும் இன்னும் இருக்கு; அது வந்தால் சர்ச் கன்சோலில் அறிவிப்பு தெரியும். அப்போ அந்த லிங்க்குகளை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு தளமாகக் கெஞ்சி, எடுக்காதவற்றை டிஸவோ ஃபைலில் போட்டு, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கணும். ஆயிரம் லிங்க் வித்த ஆள் அதுக்குள்ள நம்பர் மாத்தியிருப்பார்.

கடைக்காரருக்கு என்ன சொல்லலாம்? பக்கத்துத் தெரு வாடிக்கையாளர்தான் வேணும் என்றால் கூகுள் மேப்ஸில் கடையைச் சரியாகப் பதிவு செய்து, நேரம், போன் நம்பர், படங்கள் போட்டுக் கொடுங்க. அவர் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரி, சேர்ந்திருக்கும் வணிகர் சங்கம் எல்லாம் சைட் வச்சிருந்தால் அங்கே பேர் வர வைக்கலாம். காசு கொடுத்து விளம்பர லிங்க் வாங்குவதும் குற்றமில்லை, ஸ்பான்சர்ட் அல்லது நோஃபாலோ குறி போட்டால் போதும். உண்மையான லிங்க் ஒரே நாளில் இருநூறு வந்தாலும் பயப்படாதீங்க.

கடைசியா உங்க பக்கம் ஒரு விஷயம். செஞ்சு கொடுக்கும் ஒவ்வொரு சைட்டின் அடியிலும் "டிசைன்ட் பை" என்று நம்ம போர்ட்ஃபோலியோவுக்கு லிங்க் வைப்போம் இல்லையா? பல தளங்களின் ஃபுட்டரில் பரவலாகப் போடும் லிங்க்கும் கூகுளின் ஸ்பேம் கொள்கைப் பட்டியலில் இருக்கு. எடுக்கவெல்லாம் வேண்டாம், அந்த ஆங்கர் டேகில் ஒரு நோஃபாலோ சேர்த்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.